பனியில் கால்விரல்களை இழந்தும் நிற்காத சைக்கிள் பயணம்: யார் இந்த க்ளெப் டிராவின்?

மார்கழியில் சேந்தமங்கலம் தாண்டி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சைக்கிள் மிதிச்சாலே கைவிரல் விறைச்சுப் போகும். ஆனா ஆர்க்டிக் பனியிலேயே மாதக்கணக்கில் சைக்கிள் ஓட்டியிருக்கார் ஒருத்தர்.

யார் இவர்?

ரஷ்யாவின் ப்ஸ்கோவ் பகுதியில் 1902-ல் பிறந்தவர் க்ளெப் டிராவின். 1923-ல் சைக்கிளிலேயே ப்ஸ்கோவ் வந்த ஒரு டச்சுப் பயணியைப் பார்த்ததும் ஆசை பற்றிக்கொண்டது. ராணுவ சேவை முடிந்து கம்சட்காவுக்குப் போனவர், 1928 அக்டோபர் 10-ல் அங்கிருந்து கிளம்பினார். சோவியத் எல்லையைச் சுற்றி வருவதுதான் திட்டம்.

பனியில் என்ன ஆச்சு?

சைபீரியா, மத்திய ஆசியா, காகசஸ் எல்லாம் கடந்து, மூர்மான்ஸ்கில் இருந்து ஆர்க்டிக் கரையோரமா கிழக்கே திரும்பினார். தினமும் ரெண்டு வேளை சாப்பாடுதான். வேட்டையும் மீனும் கைகொடுத்தன.

ஆபத்து வந்தது மிதிக்கும்போது இல்ல, படுத்திருந்தபோது. ஓர் இரவு பனி விரிசலில் ஏறிய தண்ணீர், உடையோடு சேர்ந்து உறைஞ்சுடுச்சு. கத்தியால் செதுக்கித்தான் வெளியே வந்தார். பெடல் மிதிக்கும்வரை உடம்பு சூடா இருக்கும். நின்னு, நனைஞ்சுட்டா முதல் அடி விரல்களுக்குத்தான். அழுகல் பரவாமல் இருக்க, கால்விரல்களை அவரே வெட்டி எடுத்தார்.

பயணம் முடிந்ததா?

முடிந்தது. 1931 அக்டோபர் 24-ல் கம்சட்கா திரும்பினார். மொத்தம் 85,000 கி.மீ. என்கிறார்கள். இவ்வளவு தூரமா என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு. ஆனா வழியெல்லாம் முத்திரை வாங்கிய பதிவேடு அவரிடம் இருந்தது.

1979-ல் மறைந்தார். அந்த சைக்கிள் இப்போ ப்ஸ்கோவ் அருங்காட்சியகத்தில் இருக்கு.