ஊருக்குப் பொதுவான அறிவு

ஜப்பானின் மரபு மதுவான சாக்கே, அரிசியை நொதிக்க வைத்துத் தயாரிக்கப்படுவது. 1907-ஆம் ஆண்டு, நாடு தழுவிய முதல் சாக்கே தரப் போட்டி அங்கு நடைபெற்றது. கோபே நகரை ஒட்டிய நடா பகுதியே அத்தொழிலில் கோலோச்சிய காலம் அது. ஆனால், முதலிடங்களைப் பெற்றவை அதிகம் பேசப்படாத ஹிரோஷிமா மாகாணத்துச் சாக்கேக்கள். அந்த வெற்றிக்கு வித்திட்டவர் மியுரா சென்சபுரோ.

இன்று அகிட்சு என அழைக்கப்படும் கடலோர ஊரில், வணிகக் குடும்பம் ஒன்றில் 1847-ஆம் ஆண்டு பிறந்தார் மியுரா. 1876-இல் சாக்கே தயாரிப்பில் இறங்கினார். தொடக்கமே தோல்வியாக அமைந்தது. தொட்டியில் இட்ட அரிசிக் கலவை நொதித்து முடியும் முன்பே கெட்டுப் புளித்தது. ஒரு தொட்டி கெட்டால், உழவர் விளைவித்த நெல்லும் தொழிலாளர்களின் குளிர்கால உழைப்பும் ஒருசேர வீணாகும். சிறிய ஆலைகள் இதனாலேயே கடனில் மூழ்கின.

கட்டடத்தையும் கருவிகளையும் சீர்செய்தும் பலன் கிட்டவில்லை. நடாவின் தொழில்முறையைக் கற்று வந்து, அதை அப்படியே தம் ஊரில் செய்து பார்த்தார்; அதுவும் பொய்த்தது. இறுதியில் அவரது கவனம் தண்ணீரின் பக்கம் திரும்பியது.

வேகவைத்த அரிசியின் மாவுச்சத்தைக் கோஜி என்னும் பூஞ்சை சர்க்கரையாக்குகிறது. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் மதுவாக்குகிறது. நடாவின் ஆலைகள் பயன்படுத்திய ஊற்றுநீர் கடினநீர். அதிலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற தாதுக்கள் ஈஸ்ட்டுக்கு ஊட்டமளித்து நொதித்தலை விரைவுபடுத்தின. அகிட்சுவின் நீரோ மென்னீர். அதில் ஈஸ்ட் மெல்லவே வளர்ந்தது. அந்த இடைவெளியில் வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகிக் கலவையைக் கெடுத்தன.

ஊரின் நீரை மாற்ற இயலாது. முறையை மாற்றலாம் என முடிவு செய்தார் மியுரா. கோஜியின் இழைகள் அரிசிமணியின் உட்பகுதி வரை ஊடுருவும்படி அதைப் பொறுமையாக வளர்த்தார். பின்னர், கலவையைத் தாழ்ந்த வெப்பநிலையில் நீண்ட நாள் நொதிக்க விட்டார். நூறு முறை சோதிப்பதும் ஆயிரம் முறை திருத்துவதுமே அவரது கொள்கையாக இருந்தது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் மென்னீரிலேயே மென்மையும் நறுமணமும் கொண்ட சாக்கே உருவானது. குறையெனக் கருதப்பட்ட நீரே அதன் தனித்தன்மைக்குக் காரணமாயிற்று.

இந்த நுட்பத்தைத் தம் ஆலைக்குள் பூட்டி வைத்திருந்தால் மியுரா பெருஞ்செல்வராகியிருக்கக்கூடும். அவரோ 1898-இல் அதைச் செய்முறை நூலாகவே வெளியிட்டார். போட்டியாளர்களான அண்டை ஆலையினருக்கும் கற்பித்தார். தோஜி எனப்படும் தலைமைத் தயாரிப்பாளர்கள் பலர் அவ்வட்டாரத்தில் பயிற்சி பெற்று உருவாயினர். அதே காலத்தில், அருகிலுள்ள சைஜோவில் சதாகே ரீச்சி என்பவர் 1896-இல் விசையால் இயங்கும் அரிசி தீட்டும் இயந்திரத்தை உருவாக்கியிருந்தார். தீட்டிய அரிசியும் மியுராவின் முறையும் ஹிரோஷிமாவைத் தலைநிமிரச் செய்தன.

1907-ஆம் ஆண்டின் வெற்றியைக் கண்ட மியுரா, அடுத்த ஆண்டே காலமானார். தாழ்ந்த வெப்பநிலையில் மெல்ல நொதிக்க வைக்கும் அவரது வழி, பிற்காலத்தில் ஜின்ஜோ எனப்படும் உயர்தரச் சாக்கேக்கு அடித்தளமாயிற்று.

மதுவைக் குறித்து நமக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். ஆயினும், மியுராவின் வாழ்க்கை எந்த மரபுத் தொழிலுக்கும் பொருந்தும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. தொழில் நுணுக்கம் ஒரு குடும்பத்தின் இரகசியமாக இருக்கும்வரை, அக்குடும்பத்தின் கடைசி மனிதரோடு அதுவும் மறைந்துபோகலாம். ஊருக்குப் பொதுவானால், அத்தொழிலும் அதற்கு நெல் தரும் உழவரும் சேர்ந்து வாழ வழி பிறக்கும். தாம் கண்டறிந்ததைப் போட்டியாளருக்கும் கொடுத்ததால் மியுரா இழந்தது சிறிது. அவரது மாகாணம் பெற்றது பெரிது.