5 பவுண்டு கட்டாததால்...

ஃபிராங்க் விட்டில் 1907-ல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் பிறந்தார். உயரம் போதாதென்று விமானப்படை முதலில் திருப்பி அனுப்பியது. விடாமல் முயன்று 1923-ல் சேர்ந்தார், விமானியும் ஆனார்.

காற்றை உறிஞ்சி அழுத்தி, எரிபொருளை எரித்து, சூடான வாயுவைப் பின்னால் பீய்ச்சினால் விமானம் முன்னே பாயும். போகிற வழியில் அந்த வாயுவே டர்பைனைச் சுழற்றும். டர்பைன், காற்றை அழுத்தும் கருவியைச் சுழற்றும். இதற்கு 1930-ல் காப்புரிமை கேட்டார். விமான அமைச்சகம் அக்கறை காட்டவில்லை. 1935-ல் புதுப்பிக்க 5 பவுண்டு கட்ட அவரிடம் வசதியில்லை, அமைச்சகமும் மறுத்தது. காப்புரிமை காலாவதியாயிற்று. (தவணை தேதி தவறினால் என்னாகும் என்பது வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்!)

1936-ல் விமானப்படை நண்பர்கள் இருவர் முதலீடு திரட்ட, பவர் ஜெட்ஸ் கம்பெனி பிறந்தது. 1937 ஏப்ரலில் என்ஜின் முதன்முதலாக ஓடியபோது தானாகவே வேகமெடுக்க, உடனிருந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். ஆனால் 1939-லேயே ஜெர்மனியில் ஹான்ஸ் வான் ஓஹைனின் என்ஜின் விமானத்தைப் பறக்க வைத்துவிட்டது. விட்டிலின் என்ஜின் பறந்தது 1941 மே 15-ல்தான்.

நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால் எரிபொருள் மிச்சமாகும் என்பதையும் 1936-லேயே அவர் யோசித்திருந்தார். இன்றைய பயணிகள் விமான என்ஜினின் முன்னாலுள்ள பெரிய விசிறி செய்வது அதைத்தான்.

1944-ல் கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. 1948-ல் சர் பட்டமும் 1,00,000 பவுண்டும் கொடுத்தார்கள். 1996-ல் அமெரிக்காவில் காலமானார்.