பட்டம் வாங்கித் தந்த எண்கள்
கணித மேதை ராமானுஜன் கதை

பாலக்கோடு சந்தையில் 60 கூடை தக்காளி வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 2 பேர், 3 பேர், 4 பேர், 5 பேர், 6 பேர் என்று எப்படிப் பங்கு போட்டாலும் மீதி வராது. 59 கூடையாக இருந்தால்? பங்கே போட முடியாது!

60-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் 12. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது.

இப்படிப்பட்ட எண்களைத் தேடிப் போன தமிழ்நாட்டு வாலிபர் ஒருவருக்கு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது. அவர்தான் ராமானுஜன்.

பரீட்சையில் தோல்வி

1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச அய்யங்கார் துணிக்கடை குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள்.

1904-ல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசு கல்லூரியில் சேர்ந்தார். எந்நேரமும் கணக்கு. மற்ற பாடங்களைக் கவனிக்கவில்லை. உதவித்தொகை பறிபோயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் எப்.ஏ. பரீட்சையில் தோல்வி.

1912-ல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதம் 30 ரூபாய் சம்பளம். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாததால், சிலேட்டில் கணக்குப் போட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வந்தார்.

கப்பல் ஏறினார்

1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதைப் படித்த ஹார்டி வியந்து போனார். 1914 மார்ச் 17-ந் தேதி ராமானுஜன் கப்பல் ஏறினார்.

மறு ஆண்டு அந்த எண்களைப் பற்றிய அவரது கட்டுரை வெளிவந்தது. நூற்றுக்கும் அதிகமான எண்களைக் கையாலேயே கணக்கிட்டு அதில் பட்டியல் போட்டிருந்தார். கடைசி எண் 6746328388800. அதாவது, 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடிக்கும் மேல்!

இந்த எண் எப்படி வருகிறது? 2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5, 7 இரண்டையும் இரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்க வேண்டும். இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 10,080.

எப்.ஏ. தேறாதவருக்கு, 1916-ல் இந்தக் கட்டுரைக்காகவே கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் வழங்கியது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

அச்சேறாத பகுதி

அது முதல் உலகப் போர்க் காலம். கட்டுரையை வெளியிட்ட லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பணமுடை. அதனால் ஒரு பகுதி அச்சேறவில்லை. அது 1997-ல்தான் வெளிவந்தது. அதைப் பார்க்க ராமானுஜன் இல்லை. நோயுடன் 1919-ல் ஊர் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 32.

அவர் போட்ட பட்டியலில் ஒரே ஒரு எண் விடுபட்டிருந்தது. அது 293318625600. இதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்தப் பட்டியலின் கடைசி எண் வந்து நிற்கும்!