விதை தேடிய வவிலொவ்

விதைநெல்லை உண்ணும் நிலை எய்திய உழவர் குடிக்கு மறுபோகம் இல்லை. இவ்வுண்மைக்குத் தம் வாழ்வையே சான்றாக்கியவர் ருஷ்ய அறிஞர் நிக்கொலாய் வவிலொவ்.

1887இல் மொஸ்கோவிற் பிறந்த அவர், மழை பொய்ப்பினும் நோய் பரவினும் குடியானவனின் களஞ்சியம் வெறுமையுறாது காக்கும் நல்விதையை ஆக்க விழைந்தார். அதற்கு வேண்டிய வன்மை, பயிர்கள் தோன்றிய தொன்னிலங்களின் நாட்டு வகைகளில் உறைவதைக் கண்டார். 1924இல் ஆப்கானிஸ்தானம், 1927இல் எதியோப்பியா என மலையும் பாலையும் கடந்து விதை திரட்டினார். லெனின்கிராட்டில் அவர் தலைமை தாங்கிய நிலையத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன.

நல்விதை உருவாகப் பல்லாண்டு செல்லும். அரசோ விரைந்த விளைவை வேண்டி, மரபியலை மறுத்த லிசெங்கோவை நம்பிற்று. 1940இல் வவிலொவ் சிறைப்பட்டார். மறு ஆண்டு லெனின்கிராட் முற்றுகைக்குள்ளாயிற்று. நகரே பசியால் மடிந்தபோதும் அவர்தம் உடன்பணியாளர் அவ்விதைகளை உண்ணாது காத்தனர். பட்டினியால் உயிர்நீத்தோருள் நெல் வகைகளைக் காத்துநின்றவரும் ஒருவர்.

வவிலொவ் முன்னர்ப் பேராசிரியராய் வீற்றிருந்த நகர் சரதொவ். அந்நகர்ச் சிறையிலேயே 1943 சனவரியில் அவரும் உணவின்றி மெலிந்து மாண்டார். 1955இல் அவர் குற்றமற்றவரென அறிவிக்கப்பட்டது.

பிறர் பசி தீர்க்க விதை தேடியவர் பசியால் மறைந்தார். அவர் சேர்த்த விதைகளோ பல புதிய வகைகளுக்குத் தாயாகி, உழவர் இல்லங்களில் உலையேற்றின.