தொழில் கேட்ட மருத்துவர்

நோயாளியின் நாடியைப் பார்ப்பது மருத்துவரின் கடமை. அவர் செய்யும் தொழில் யாது எனக் கேட்டறிவதும் அதற்கு இணையான கடமை என்று மருத்துவ உலகிற்கு உணர்த்தியவர் பெர்னார்தீனோ ராமட்சீனி. உழைப்பவரின் உடல்நலத்தை அவர்தம் வேலையிலிருந்தும் வறுமையிலிருந்தும் பிரித்துப் பார்க்க இயலாது என்னும் உண்மையை நூலாக வடித்த இவரைத் தொழில்சார் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றுவர்.

இளமையும் கல்வியும்

இத்தாலியின் வடபகுதியில், மோதெனா நகருக்கு அருகிலுள்ள கார்ப்பி என்னும் ஊரில் 1633ஆம் ஆண்டு ராமட்சீனி பிறந்தார். பார்மா பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் மருத்துவமும் பயின்று 1659இல் பட்டம் பெற்றார். பின்னர் ரோமில் பயிற்சி பெற்று, சிற்றூர்களில் மருத்துவம் பார்த்தார். அங்கே மலேரியாக் காய்ச்சல் தாக்கியதால் சொந்த ஊர் திரும்பினார். உடல் தேறியபின் மோதெனாவில் குடியேறிய அவர், 1682இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியரானார்.

கண் திறந்த காட்சி

மோதெனாவில் வீட்டு மலக்குழிகளைக் குறித்த கால இடைவெளியில் தூய்மை செய்வது வழக்கம். ராமட்சீனியின் வீட்டில் அப்பணி நடைபெற்றபோது, தொழிலாளி ஒருவர் மூச்சுவிடவும் நேரமின்றி விரைந்து உழைப்பதைக் கண்டார். நிதானமாகச் செய்யலாகாதா என்று வினவினார். குழிக்குள் சில மணி நேரத்திற்கு மேல் இருந்தால் பார்வையே பறிபோய்விடும் என்று அத்தொழிலாளி விளக்கினார். அவருடைய கண்கள் சிவந்து கலங்கியிருந்தன. வேலை முடிந்ததும் இருட்டறையில் அடைந்து, வெதுவெதுப்பான நீரால் கண்களைக் கழுவுவதே அவர்கள் அறிந்த மருத்துவம். அத்தொழில் செய்து பார்வை இழந்தோர் நகரத் தெருக்களில் இரந்து வாழ்வதையும் ராமட்சீனி பின்னர் கண்டார். குழியில் இறங்குவோர் ஒளி ஊடுருவும் மெல்லிய உறையால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் என அறிவுறுத்தினார்.

அந்நிகழ்வு அவரைப் பட்டறைகளுக்கு அழைத்துச் சென்றது. கற்றோர் கால் வைக்கத் தயங்கிய இடங்களுக்கு அவர் விரும்பிச் சென்றார். குயவர், கல் தச்சர், தையற்காரர், சலவைத் தொழிலாளர் எனப் பலரிடமும் அவர்தம் உடல்நிலையைக் கேட்டறிந்தார். ஏழையின் இல்லத்திற்குச் செல்லும் மருத்துவர் உயர்ந்த இருக்கையை எதிர்பாராமல் எளிய முக்காலியில் அமர்ந்து, பொறுமையுடன் கேட்க வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி.

உழைப்பாளர்க்கு ஒரு நூல்

இவ்வாறு திரட்டிய செய்திகளை 1700ஆம் ஆண்டு இலத்தீன் மொழியில் நூலாக வெளியிட்டார். தொழிலாளர் நோய்கள் பற்றிய ஆய்வுரை என்பது அதன் தலைப்பின் பொருள். நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை அந்நூல் ஆராய்ந்தது. குயவரின் கை நடுக்கத்திற்கு ஈயமும், கண்ணாடிக்கு ரசம் பூசுவோரின் துன்பத்திற்குப் பாதரசமும், கல் தச்சரின் மூச்சுக் கோளாற்றிற்குத் தூசியும் காரணம் எனச் சுட்டியது.

நஞ்சும் தூசியும் இல்லாத தொழில்களிலும் நோய் உண்டு என்று கண்டமையே அவருடைய நுண்ணறிவிற்குச் சான்று. உடல் இயங்கும் முறையும் நோய்க்குக் காரணமாகலாம் என அவர் உணர்ந்தார். நாள் முழுதும் குனிந்து அமர்ந்திருக்கும் தையற்காரருக்கு முதுகு வளைவதையும் கால் மரத்துப்போவதையும் கண்டார். எழுத்தரின் நோய்க்கு இடைவிடாது அமர்ந்திருத்தல், கையை ஒரே விதமாக அசைத்தல், பிழை நேராதிருக்க மனத்தை வருத்துதல் என மூன்று காரணங்களைக் கூறினார். மாறாக, பிரபுக்களின் வண்டிகளுக்கு முன்னே ஓடும் ஏவலர் அளவிறந்த ஓட்டத்தால் நலிந்தனர். இயக்கம் குறைந்தாலும் மிகுந்தாலும் உடல் கெடும் என்பதே அவர் கண்ட முடிவு.

அமர்ந்து உழைப்போர் விடுமுறை நாளிலேனும் உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். வேலை நாளின் பொழுது அத்தொழிலாளர்க்கு உரியதாக இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். 1710இல் அரசர்களின் உடல்நலம் பேணும் முறை பற்றியும் ஒரு நூல் எழுதினார். எனினும், அவர் பெயரை நிலைநிறுத்தியது உழைப்பாளரைப் பற்றிய நூலேயாகும்.

இறுதிக்காலமும் தொடர்ச்சியும்

1700இல் பாதுவா பல்கலைக்கழகப் பேராசிரியராக அழைக்கப்பட்டார். முதுமையில் பார்வை மங்கியபோதும் பணியை விடவில்லை. மேலும் பல தொழில்களைச் சேர்த்து, 1713இல் தம் நூலின் விரிவான பதிப்பை வெளியிட்டார். அடுத்த ஆண்டு பாதுவாவிலேயே மறைந்தார்.

ராமட்சீனி கண்ணால் கண்டு கூறியதை எண்ணிக்கையால் மெய்ப்பிக்க இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர் ஒப்பிட்டு, 1953இல் முடிவுகளை வெளியிட்டார். அமர்ந்தே பணியாற்றிய ஓட்டுநரைவிட, படியேறி இறங்கிய நடத்துநரிடம் மாரடைப்பு குறைவாக இருந்தது. இருவரும் ஏறத்தாழ ஒரே சமூக நிலையினர். வேறுபாடு பணியின் இயக்கத்திலேயே முதன்மையாக இருந்தது. பின்னர் பிரித்தானிய அரசு ஊழியரிடையே நடந்த நெடுங்கால ஆய்வு, மற்றோர் உண்மையையும் காட்டியது. மிகத் தாழ்ந்த பணிநிலையில் இருந்த ஆண்கள் இதயநோயால் இறந்த விகிதம், மிக உயர்ந்த நிலையினரைப்போல் மூன்று மடங்கிற்கும் மேலாக இருந்தது. புகைபிடித்தல் போன்ற பழக்கங்களைக் கணக்கில் கொண்டபோதும் அவ்வேறுபாடு முழுமையாக மறையவில்லை.

நடந்தால் நலம் பெருகும் என்பதை இன்று யாவரும் அறிவர். நடப்பதற்கான நேரமும் இடமும் ஓய்வும் யாவர்க்கும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. எனவே, நோயுற்றவரின் பழக்கத்தைக் குறைகூறுமுன் அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்பதே அறிவும் அறமும் ஆகும். ராமட்சீனி தம் வாழ்வால் விட்டுச்சென்ற கேள்வி அதுவே.