குன்னூர்த் தாத்தாவின் பேரன்



கம்ப்யூட்டரின் தந்தை யார் என்று கேட்டால் எல்லோரும் உடனே சார்லஸ் பாபேஜ் என்போம். நான் இந்த இதழில் எழுதப்போவது, கம்ப்யூட்டர் அறிவியலின் தந்தை என்று போற்றப்படும் ஆலன் டூரிங் பற்றி. அவருக்கும் நம்ம குன்னூருக்கும் சொந்தம் உண்டு, தெரியுமா?

டூரிங்கின் அம்மா சாரா 1881-ல் கீழே போத்தனூரில் பிறந்தவர். சாராவின் அப்பா எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மதராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். அவர் குடும்பத்தின் வீடு குன்னூரில் இருந்தது. டூரிங்கின் அண்ணன் ஜான் 1908 செப்டம்பர் 1 அன்று அந்த வீட்டில்தான் பிறந்தார். அப்பா ஜூலியஸ், மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி.

ஆலன் பிறந்தது 1912 ஜூன் 23, லண்டனில். அப்பா வேலைக்காக இந்தியா திரும்பினார், பிறகு அம்மாவும் வந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார்கள். தாத்தா வீடு இருந்த நம்ம மலையை ஆலன் பார்த்ததே இல்லை.

1936-ல், படிப்படியாகச் செய்யக்கூடிய எந்தக் கணக்கையும் செய்யும் ஒரு கற்பனை இயந்திரத்தைப் பற்றி எழுதினார். இன்றைய கம்ப்யூட்டருக்கு அதுதான் அஸ்திவாரம்.

1939-ல் போர் வந்தது. ஜெர்மானியர்கள் எனிக்மா என்ற இயந்திரத்தில் செய்திகளைப் பூட்டி அனுப்பினார்கள். பூட்டும் விதங்கள் கோடி கோடிக்கும் மேல்! அதுவும் தினமும் மாறும். போலந்துக் கணித அறிஞர்கள் முதலில் வழி காட்டினார்கள். பிளெட்ச்லி பார்க்கில் டூரிங் அதை வளர்த்து, பாம் என்ற இயந்திரத்தை வடிவமைத்தார். 1940-ல் அது ஓடத் தொடங்கியது.

எனிக்மாவில் ஓர் ஓட்டை இருந்தது. எந்த எழுத்தும் அதே எழுத்தாக மாறி வராது. போதாக்குறைக்கு, வானிலை அறிக்கைகளை ஒரே மாதிரி வார்த்தைகளில் அனுப்பினார்கள். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் பூட்டை உடைத்தார்கள். பூட்டு எவ்வளவு பெரிசா இருந்தா என்ன, மாட்டுகிற விதம் தப்பானா திறந்துடும்!

உடைத்தவரே பூட்டும் செய்தார். டிலைலா என்ற பெட்டியை டெலிபோனோடு இணைத்தால், பேச்சு யாருக்கும் புரியாத இரைச்சலாக மாறிப் போகும். மறுமுனையில் மறுபடி பேச்சாகும். ஆனால் அது போரில் பயன்படவில்லை.

இன்றைய சாப்ட்வேரிலும் இதே கதைதான். புரோகிராம் எழுதுபவர்கள் பூட்டை அவரவரே செய்வதில்லை. செய்தால் எனிக்மா மாதிரி ஓட்டை எங்கேயாவது இருக்கும். பலரும் சோதித்துப் பார்த்த ஓபன் எஸ்.எஸ்.எல். போன்ற தொகுப்புகளை, ஏ.பி.ஐ. என்ற வாசல் வழியாகக் கூப்பிட்டு வேலை வாங்குகிறார்கள். அதிலும் 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, உலகமே அவசர அவசரமாகச் சரிசெய்தது.

இவ்வளவு செய்தவருக்கு நாடு என்ன கொடுத்தது? இன்னொரு ஆணை நேசித்தார் என்பதற்காக 1952-ல் வழக்கு, தண்டனை. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் மருந்து. ரகசிய வேலையிலும் அவருக்குக் கதவு மூடப்பட்டது. 1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41.

போத்தனூரில் பிறந்த அந்த அம்மா, 1959-ல் மகனின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். எனிக்மாவை உடைத்த கதையை மட்டும் எழுத முடியவில்லை. 1970-கள் வரை அது அரசாங்க ரகசியம். 2009-ல் பிரிட்டன் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரசியின் மன்னிப்பு வந்தது. 2021-ல் 50 பவுண்டு நோட்டில் டூரிங்கின் படம் வந்தது. பார்க்க அம்மாவும் இல்லை, மகனும் இல்லை.

நண்பர்களே, நம்மோடு படிக்கிறவங்க யாராவது கொஞ்சம் வேற மாதிரி இருந்தா, கேலி பண்ணாதீங்க. மரியாதையை உயிரோடு இருக்கும்போதே கொடுப்போம்.