துளியூண்டு கதிர்வீச்சும் ஆபத்தா? பழ ஈக்களை எண்ணிய முல்லரின் கதை

எக்ஸ்ரே அறைக் கதவில், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். கண் இமைக்கும் நேரத்தில் முடிகிற விஷயத்துக்கு எதுக்கு இவ்வளவு எச்சரிக்கை? பதில் தேடிப் போனால், பழ ஈக்களை எண்ணிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கரிடம் போய் நிற்பீர்கள்.

ஹெர்மன் முல்லர் 1890-ல் நியூயார்க்கில் பிறந்தவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1926-ல் ஈக்கள் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார். எப்போதாவது நடக்கும் மரபணு மாற்றம், அதிக டோஸ் வாங்கிய ஈக்களிடம் சுமார் 150 மடங்கு எகிறியது.

மனுஷன் ஓரிடத்தில் நிம்மதியாக இருந்ததில்லை. பெர்லின் போனார், ஹிட்லர் வந்தார். சோவியத் போனார், அங்கே லைசென்கோவை எதிர்த்து 1937-ல் வெளியேறினார். 1946-ல் நோபல் பரிசு. அந்த மேடையில், இதற்குக் கீழே பயமில்லை என்று சொல்லத்தக்க டோஸ் எதுவுமே கிடையாது என்று அடித்துச் சொன்னார். ஹிரோஷிமா நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

கவனியுங்கள், அவர் அளந்தது ஈக்களின் மரபணுவை. மனிதரின் புற்றுநோயை அல்ல. ஆனாலும் அதே நேர்கோட்டுக் கணக்கு பிறகு புற்றுநோய்க்கும் வந்தது. காரணம் எளிது. சின்ன டோஸின் விளைவு கூட்டத்தில் கண்ணுக்கே தெரியாது. அதனால், குண்டுவீச்சில் தப்பியவர்களிடம் தெரிந்த பெரிய டோஸ் பாதிப்பிலிருந்து பூஜ்ஜியம் வரை ஒரு கோடு இழுக்கிறார்கள். 100 மில்லிசீவர்ட்டுக்கு சுமார் 200 பேரில் ஒருவருக்கு உயிர்பறிக்கும் புற்றுநோய் என்றால், 1 மில்லிசீவர்ட்டுக்கு 20,000 பேரில் ஒருவர். இந்தியாவில் பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பும் அந்த 1 மில்லிசீவர்ட்தான் (இயற்கைக் கதிர்வீச்சும் மருத்துவப் பரிசோதனையும் இதில் சேராது). குடிநீரில் கலக்கும் புற்றுநோய் ரசாயனங்களுக்கும் அமெரிக்கா இதே பாணியில்தான் கணக்குப் போட்டது.

கோடு சரியா? அங்கேதான் சண்டை. குறைந்த டோஸில் வேறு முடிவைக் காட்டிய ஒரு பரிசோதனையின் கையெழுத்துப்படி, நோபல் உரைக்குச் சில வாரங்கள் முன்பே முல்லர் கைக்கு வந்திருந்தது. அப்படியும் உரையில் இவ்வளவு உறுதி எதற்கு என்று இன்றும் கேட்கிறார்கள். அந்தச் சந்தேகத்தை உரையிலேயே சொல்லியிருக்கலாம் என்றே தோன்றுகிறது.

நம் ஊர்ச் சாட்சியும் உண்டு. கேரளாவின் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில் கூடுதல் புற்றுநோய் ஆபத்து தெரியவில்லை. கோடு தப்பு என்று இதனால் முடிவாகிவிடாது. அது காட்டும் கூடுதல் அவ்வளவு சிறியது, இத்தனை பேரிடம்கூடப் பிடிபடாமல் போகலாம்.

முல்லர் 1967-ல் இறந்தார். வரம்புகளை வகுப்பவர்கள் இன்னமும் அந்தக் கோட்டை விடவில்லை.